திரையின் அகலத்தைப் பார்த்து லப்டொப் வாங்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வெளியான கையோடு எங்கள் பக்கத்துத் தாய் தகப்பன்மார் கேட்கத் தொடங்குகிற கேள்வி ஒன்று இருக்கிறது. பிள்ளை கம்பஸ் போகப் போகிறது, லப்டொப் வேண்டும், கையில் ஒரு இலட்சத்துக்கு உள்ளேதான் காசு, கடையில் இரண்டைக் காட்டுகிறார்கள். ஒன்று பெரியது, 15.6 அங்குலத் திரை, ஐ7 என்று ஸ்டிக்கர், ஆனால் பழையது. மற்றது சின்னது, 13.3 அங்குலம், ஐ5, ஆனால் சில வருடம் பிந்தி வந்தது. "ரீச்சர், எதை எடுக்கிற?" நான் படுவான்கரையில் உயர்தர வகுப்புக்குத் தகவல் தொழினுட்பம் படிப்பிக்கிறேன், இந்தக் கேள்வி வராத வருடமே இல்லை. ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்வதை உங்கள் பத்திரிகை வழியாக எல்லோருக்கும் சொல்லலாம் என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், முழுவதையும் போட இடம் தந்தால் பெரிய உதவி.

நேரே சொல்கிறேன், விலை ஏறக்குறைய ஒன்றென்றால் சின்னதை எடுங்கள். தினமும் பஸ் ஏறி வந்தாறுமூலைக்கோ சம்மாந்துறைக்கோ ஒலுவிலுக்கோ கம்பஸ் போய் வரப்போகிற பிள்ளைக்கும், யாழ்ப்பாணம், பேராதனை, மொறட்டுவை என்று விடுதியில் தங்கப்போகிற பிள்ளைக்கும் இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் காரணம் அது சின்னது என்பதல்ல, பிந்தி வந்தது என்பதுதான். இதை விளங்கிக்கொள்ளாமல் போனால் சின்னதிலும் ஏமாறுவீர்கள், அதைப் பிறகு எழுதுகிறேன்.

பெரியதை ஏன் விரும்புகிறார்கள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். வேளாண்மை வெட்டி வந்த காசு, சீட்டுக் காசு, சில வீடுகளில் காப்பு அடகு வைத்த காசு. அவ்வளவைக் கொடுக்கும்போது கையில் வருவது பாரமாகவும் அகலமாகவும் இருந்தால் மனதுக்கு ஒரு ஆறுதல். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது புத்தம் புதிய லப்டொப் என்பதே எங்கள் குடும்பங்களின் கையை விட்டுப் போனது, 2024 ஜனவரியில் வற் வரியும் 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. அதனால் பாவித்த சாமான்தான் கதி என்று ஆகிவிட்டது. பாவித்ததை வாங்குவதில் ஒரு குறையும் இல்லை, நானும் அதைத்தான் வாங்கச் சொல்கிறேன். எவ்வளவு பழையது என்று தெரிந்து வாங்க வேண்டும் என்பதே என் கவலை.

முதலில் அந்த ஐ7 ஸ்டிக்கர். ஐ5, ஐ7 என்பவை லப்டொப்பின் மூளையான இன்டெல் புரொசசரின் வகைப் பெயர்கள். ஐ5 ஐ விட ஐ7 மேல் என்று கடையில் சொல்வார்கள். ஒரே வருடத்தில், ஒரே வகையில் வந்த இரண்டுக்குள் அது சரி. ஆனால் எந்த வருடம் என்பதை அந்த 7 சொல்லாது, அதற்குப் பின்னால் வருகிற இலக்கம்தான் சொல்லும். ஐ7-4500யூ என்றால் 4 ஆம் தலைமுறை, 2013 இல் வந்தது, அதில் இருப்பது 2 கோர், அதாவது ஒரே நேரத்தில் வேலை செய்யக்கூடிய 2 பகுதி. ஐ5-8250யூ என்றால் 8 ஆம் தலைமுறை, 2017 இல் வந்தது, அதில் 4 கோர். பெயரில் 5 உள்ளது 7 உள்ளதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். 10 ஆம் தலைமுறையிலிருந்து ஒரு தடுமாற்றம் வரும், ஐ5-1135ஜி7 என்று பார்த்துவிட்டு முதலாம் தலைமுறை என்று நினைக்க வேண்டாம், அது 11 ஆம் தலைமுறை. ஸ்டிக்கரை நம்பாமல், கடையில் வைத்தே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபோமன்ஸ் என்ற பக்கத்துக்குப் போனால் புரொசசரின் முழுப்பெயர், றாம் என்ற தற்காலிக நினைவகம் எவ்வளவு, கோப்புகளைச் சேமிக்க உள்ளே இருப்பது வேகமான எஸ்எஸ்டியா பழைய ஹாட் டிஸ்க்கா எல்லாம் தெரியும். இதைப் பார்ப்பதற்கு யாரும் கொம்பியூட்டர் படித்திருக்கத் தேவையில்லை, கூடப் போகிற பிள்ளையே பார்க்கும்.

தலைமுறையைப் பற்றி நான் இவ்வளவு பேசுவது வேகத்துக்காக மட்டும் அல்ல. விண்டோஸ் 10 க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொள்கிற வீட்டுப் பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும், அவ்வளவுதான். விண்டோஸ் 11 க்குப் போக வேண்டுமென்றால் இன்டெல் புரொசசரில் பொதுவாக 8 ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். அந்த 4 ஆம் தலைமுறை ஐ7 க்கு இந்தக் கதவு பூட்டித்தான் இருக்கிறது. இப்போது சில இடங்களில் என்ன செய்கிறார்கள் என்றால், அந்தப் பரிசோதனையைத் தாண்டி எப்படியோ விண்டோஸ் 11 ஐ ஏற்றி, "இதில் 11 தான் ஓடுது" என்று காட்டி விற்கிறார்கள். ஓடும்தான். ஆனால் தகுதி இல்லாத மெஷினுக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசொஃப்ட் உறுதி தரவில்லை. சிறப்புப் பட்டம் என்றால் நாலு வருடம், பிள்ளை முதலாம் வருடம் முடிக்க முன்னமே இந்தத் தலையிடி தொடங்கிவிடும். மைக்ரோசொஃப்ட்டின் பிசி ஹெல்த் செக் என்ற செயலியை இலவசமாக இறக்கி ஓடவிட்டால் தகுதி உண்டா இல்லையா என்று சில நிமிடத்தில் சொல்லிவிடும், வாங்குகிற இடத்திலேயே கேட்டு ஓடவிடச் சொல்லுங்கள்.

அடுத்தது திரை, பெரியதை எடுக்கச் சொல்பவர்களின் பெரிய வாதமே இதுதான். "கண்ணுக்கு நல்லம், நிறையத் தெரியும்." நான் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இங்கேதான் கண் ஏமாறுகிறது. அந்தக் காலத்து 15.6 அங்குலத் திரைகளில் மலிவானவை பெரும்பாலும் 1366 க்கு 768 புள்ளிகள், அதாவது படத்தை உருவாக்குகிற பிக்சல்கள், கொண்டவை. பிந்தி வந்த 13.3 அங்குலத்தில் 1920 க்கு 1080 சாதாரணம். மொத்தப் புள்ளிகளை எண்ணினால் சின்னதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எழுத்து சிறுத்துப் போகுமே என்றால், விண்டோஸில் 125 வீதம் என்று பெருப்பித்துக்கொள்ளலாம், அப்படிப் பெருப்பித்த பிறகும் 1536 க்கு 864 அளவுக்கு இடம் மிஞ்சும், அதாவது பெரியதில் தெரிவதை விடக் கூடுதலான எக்செல் வரிகள் சின்னதில் தெரியும்.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நம் எழுத்தில் சுழியும் புள்ளியும் அதிகம். 15.6 அங்குலத்தில் 1366 என்றால் ஓர் அங்குலத்துக்கு 100 புள்ளிதான் வரும், 13.3 அங்குலத்தில் 1920 என்றால் 165 க்கு மேல் வரும். பாமினி எழுத்துருவில் ஒப்படை தட்டச்சு செய்கிற பிள்ளைகள் அந்தப் பழைய திரையில் ன வா ண வா என்று தலையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்ப்பதை நான் பாடசாலை ஆய்வுகூடத்திலேயே காண்கிறேன், மெய்யெழுத்தின் புள்ளி விடுபட்டுப் போயிருப்பது அச்செடுத்த பிறகுதான் தெரியவரும். ஆகவே எத்தனை அங்குலம் என்று மட்டும் கேட்காமல் எத்தனை புள்ளி என்றும் கேளுங்கள். வீட்டில் இருக்கும்போது பெரிய திரை வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ வயர் ஒன்றை வாங்கி வீட்டு டிவியிலேயே கொழுவலாம், அல்லது பாவித்த மொனிட்டர் ஒன்றை ஆறுதலாகப் பிறகு எடுக்கலாம். பழைய புரொசசரை இப்படிப் பிறகு புதிய தலைமுறைக்கு மாற்ற வழியில்லை.

பாரத்தைப் பற்றிச் சொன்னால் சிரிப்பார்கள், "பிள்ளைக்கு இதைத் தூக்க ஏலாதா?" என்று. பெரியது சார்ஜரோடு மூன்று கிலோவுக்குக் கிட்ட வரும், சின்னது ஒன்றரைக்குக் கிட்ட. கொக்கட்டிச்சோலையிலிருந்து மண்முனைப் பாலம் தாண்டி, ரவுணில் இறங்கி, வேறு பஸ் பிடித்து வந்தாறுமூலைக்குப் போகிற பிள்ளை அந்தப் பையை மடியிலும் தோளிலும் வைத்துக்கொண்டு பெரும்பாலும் நின்றபடிதான் போகிறது. போதாததற்கு பழைய பெரியவற்றில் ஹாட் டிஸ்க் இருந்தால் அது உள்ளே சுழல்கிற தட்டு, லப்டொப்பை மூடிவிட்டு அது முழுதாக நிற்க முன் பையில் போட்டுக் குலுங்கக் குலுங்கக் கொண்டுபோனால் அடிபடும். முழு ஒப்படையும் அதோடு போய், கடைசிக் கிழமையில் அழுதுகொண்டு வந்த பிள்ளைகள் உண்டு. எஸ்எஸ்டியில் சுழல்கிற பாகம் எதுவும் இல்லை, அந்தப் பயம் இல்லை. வேகமோ சொல்லத் தேவையில்லை, அநேகமாக வேறு எந்த மாற்றத்தையும் விட இதுதான் கண்ணுக்குத் தெரியும்.

இனி சூடும் கரண்டும். கச்சான் காற்று வீசுகிற ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் தகரக் கூரை வீடுகளுக்குள் மத்தியானம் இருக்க முடியாது, மனிதருக்கே அப்படியென்றால் மெஷினுக்கு எப்படி. பெரிய லப்டொப்களில் வந்த எம்கியூ என்று முடிகிற ஐ7 புரொசசர்கள் 47 வோட்ஸ் அளவுக்கு வெப்பம் தருபவை, யூ என்று முடிகிற பிந்தியவை பெரும்பாலும் 15 வோட்ஸ். பழையதில் விசிறி தூசு பிடித்து, வெப்பத்தைக் கடத்த உள்ளே பூசிய பேஸ்ட் காய்ந்து போயிருக்கும், சத்தம் போட்டுக்கொண்டே வேகத்தைக் குறைத்துவிடும். கல்லடி, காத்தான்குடி, நிந்தவூர், திருக்கோவில் என்று கடலோரத்தில் இருந்த மெஷின் என்றால் உப்புக் காற்றில் போர்ட்டுகளும் கீல்களும் துருப்பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள், அது பெரியதற்கும் சின்னதற்கும் பொது.

மாரியில் கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று தெரியாத இடங்களில் பற்றரிதான் எல்லாம். என்னிடம் படித்த ஒரு பிள்ளை, பெரிய ஐ7 ஒன்றை வாங்கிக்கொண்டு போனவள், விரிவுரை மண்டபத்தில் பிளக் பொயின்ட் பக்கத்துக் கதிரையைப் பிடிப்பதற்காகவே எல்லோருக்கும் முதல் போய் உட்கார வேண்டியிருக்கிறது என்றாள். பற்றரி மாற்றலாமே என்றால், அந்த மொடலுக்கு அசல் பற்றரி வருவது நின்றுவிட்டது, கிடைப்பது கொப்பி பற்றரி, அது சில மாதத்தில் படுத்துவிடுகிறது. சின்னதிலும் பற்றரி பழசாகத்தான் இருக்கும், அதை மறைக்கவில்லை. ஆனால் பார்க்க வழி இருக்கிறது. விண்டோஸே பற்றரி ரிப்போர்ட் ஒன்று எடுத்துத் தரும், அதில் டிசைன் கப்பாசிட்டி என்றும் ஃபுல் சார்ஜ் கப்பாசிட்டி என்றும் இரண்டு எண் இருக்கும். முன்னது 50,000, பின்னது 40,000 என்றால் நல்லது. பின்னது 20,000 என்றால் பற்றரி மாற்றுகிற காசை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறுகிற மொடலாக இருந்தால் இன்னும் நல்லது, கரண்ட் இல்லாத நேரம் அதற்கேற்ற பெரிய பவர் பேங்கில் கூடச் சார்ஜ் போடலாம், சார்ஜர் பழுதானாலும் அதே வோட்ஸில் வேறொன்று எங்கும் எடுக்கலாம்.

சரி, பெரியதற்கு இடமே இல்லையா? இருக்கிறது. கடையில் கணக்கு வைப்பவருக்கு வலப்பக்கத்து இலக்க விசைகள் வேண்டும். மேசையை விட்டு அசையாத லப்டொப்புக்குப் பாரம் ஒரு பிரச்சினை இல்லை. பொறியியல் படிக்கிற பிள்ளைக்கு ஓட்டோகாட் போன்றவற்றுக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்ட் உள்ள பெரிய மெஷின் உதவும். அப்போதும் 8 ஆம் தலைமுறைக்குக் கீழே போக வேண்டாம். பழைய பெரியவற்றில் எனக்குப் பிடித்த ஒரு குணம், பின் மூடியைத் திறந்தால் றாம், டிஸ்க் எல்லாம் மாற்றலாம், எங்கள் ஊர் றிப்பயார் கடைத் தம்பிமாரே செய்து தருவார்கள். ஆகவே ஏற்கெனவே வாங்கி வீட்டில் வைத்திருப்பவர்கள் அதை எறிந்துவிட வேண்டாம். ஒரு எஸ்எஸ்டி போட்டு, றாமை 8 ஜிபி ஆக்கி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ற் ஏற்றினால் தம்பி தங்கைமார் படிக்க இன்னும் சில வருடம் தாராளமாக ஓடும். லினக்ஸ் இலவசம், யூனிகோட் தமிழ் அதில் நன்றாகவே வரும்.

நான் மேலே சொன்ன மற்ற ஏமாற்றம் இது. புதியது, சின்னது, பெட்டி உடைக்காதது, விலையும் மலிவு என்று 11.6 அங்குலத்தில் செலரோன் புரொசசர், 4 ஜிபி றாம், 64 ஜிபி இஎம்எம்சி (எஸ்எஸ்டியை விட மெதுவான சேமிப்புச் சிப்) என்று ஒன்று விற்கிறார்கள். வொரண்டி இருக்கிறது என்பதற்காகத் தயவுசெய்து அதற்குள் போக வேண்டாம். விண்டோஸ் 11 கேட்கிற ஆகக் குறைந்த இடமே 64 ஜிபி, அப்டேட் வந்ததும் மூச்சுத் திணறும். றாமும் சேமிப்பும் பெரும்பாலும் போர்டோடு ஒட்டியே வருவதால் அவற்றைக் கூட்ட முடியாது. அதற்குப் பக்கத்தில் வைத்தால் அந்தப் பழைய பெரிய ஐ7 க்கு எஸ்எஸ்டி போட்டுப் பாவிப்பது எவ்வளவோ மேல். நான் சின்னது என்று சொல்வது, 8 ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய ஐ5, 8 ஜிபி றாம், 256 ஜிபி எஸ்எஸ்டி உள்ள, அலுவலகங்களில் பாவித்து வந்த 13, 14 அங்குல வகையை. இவற்றிலும் சிலவற்றில் றாம் ஒட்டித்தான் வரும், அதனால் 4 ஜிபி உள்ளதை எடுத்துவிட்டுப் பிறகு கூட்டலாம் என்று நினைக்காமல் முதலிலேயே 8 க்குக் குறையாமல் எடுங்கள்.

வெளிநாட்டு உறவுகளுக்கும் ஒரு வேண்டுகோள். லண்டன், கனடா, சுவிஸ், பிரான்ஸ் என்று இருக்கிற எங்கள் பிள்ளைகள் ஊர்ப் பாடசாலைகளுக்கு லப்டொப் அனுப்புவது பெரிய மனது, அதை நான் மறக்கவே மாட்டேன். ஆனால் வருகிறவற்றில் பல 4 ஆம், 5 ஆம் தலைமுறை. சுவிஸிலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் வருவதில் இசட்டும் வையும் இடம் மாறியிருக்கும், பிரான்ஸிலிருந்து வருவதில் ஏயும் கியூவும் இடம் மாறியிருக்கும், தட்டச்சுப் பழகத் தொடங்குகிற பிள்ளை குழம்பிப் போகும். பத்துப் பழையதை அனுப்புகிற செலவில் 8 ஆம் தலைமுறையில் நாலு அனுப்பினாலும் எங்களுக்கு அது போதும். அனுப்ப முன் எந்தப் புரொசசர் என்று ஒரு போட்டோ எடுத்து அந்தப் பாடசாலை ஆசிரியருக்கு அனுப்பிக் கேட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

கடைசியாக எங்கள் மாவட்டங்களின் கடைக்காரருக்கு. உங்களைக் குறை சொல்வதற்கு நான் இதை எழுதவில்லை, கொழும்பில் யூனிட்டி பிளாசா வரை போக முடியாத குடும்பங்களுக்கு நீங்கள்தான் எல்லாம். விலை எழுதித் தொங்கவிடுகிற அட்டையில் புரொசசரின் முழு இலக்கம், விண்டோஸ் 11 க்குத் தகுதி உண்டா இல்லையா, திரையின் புள்ளி அளவு, பற்றரியில் இப்போது எவ்வளவு நிற்கிறது, இவற்றைத் தமிழில் எழுதிவிடுங்கள். பற்றுச்சீட்டிலும் 'லப்டொப் 1' என்று போடாமல் அதே இலக்கத்தைப் போடுங்கள். பெற்றோரும் பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்க வேண்டும், ஒன்றைச் சொல்லி இன்னொன்றை விற்றிருந்தால் நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம், ஆனால் கையில் பற்றுச்சீட்டு இல்லாமல் அங்கே போய் என்ன சொல்வது? வலயக் கல்வி அலுவலகங்கள் உயர்தரப் பெறுபேறு வருகிற காலத்தில் ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் அடித்துப் பாடசாலைகளுக்குக் கொடுத்தால் எழுதித் தர நான் ஆயத்தம், என்னைப் போல் எழுதக்கூடிய ஆசிரியர்கள் ஏறாவூரிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அப்படி அட்டையில் எழுதி வைக்கிற கடை மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ எது இருந்தாலும், இந்த முறை கம்பஸ் கிடைத்த என் பிள்ளைகளின் பெற்றோரை நான் அங்கேதான் அனுப்புவேன்.

இப்படிக்கு,
தகவல் தொழினுட்ப ஆசிரியை ஒருவர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.